திருமலையில இருந்து லண்டனுக்குத் திரும்பிப் போறவை, ரிக்கெற் போட முதல் சைல்ட் பெனிபிட் கணக்கை ஒருக்கா பாருங்கோ

திருகோணமலை உவர்மலையில அம்மாவின்ர வீட்டு விறாந்தையில இருந்து இதை எழுதுறன். அப்பாவின்ர திவசத்துக்காக ஹாஃப் ரேம் லீவோட பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறம். வந்த மற்ற நாளே பக்கத்து ஒழுங்கைத் தங்கச்சி வந்திட்டா. அவையும் லண்டன் ஆக்கள் தான், மாமியாருக்குச் சுகமில்லை எண்டு போன 2025 ஏப்ரல் 7ஆம் திகதி ரெண்டு பிள்ளையளோட வெளிக்கிட்டு வந்து இஞ்சயே இருந்திட்டினம், இப்ப திரும்பிப் போகப் போகினம். கேட்டா, அக்கா அங்க போய் ஆறு மாசம் பொறுத்தாத் தான் சைல்ட் பெனிபிட் போடலாமாம், உண்மையோ எண்டு. அது தான் பிள்ளையளுக்கெண்டு பிரித்தானிய வரித் திணைக்களம் (HMRC) கிழமைக் கணக்கில குடுக்கிற காசு.

அந்த ஆறு மாசக் கதையைக் கேட்டவுடன எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. 2024 இல எனக்கும் அதைத் தான் சொன்னவை. நானும் நம்பிப் பொறுத்திருந்து 900 பவுண்ஸுக்கு மேல விட்டனான். அந்த நேரம் அது எங்கட ஒரு மாச வாடகையில பெரிய பங்கு. அதால தான் வடிவா எழுதுறன், ஆறுதலா வாசியுங்கோ.

ஆறு மாசம் எண்டு ஒரு சட்டமே இல்லை. இருக்கிறது மூண்டு மாசச் சட்டம், 2014 ஜூலை 1 இல இருந்து. வெளிநாட்டில இருந்து வந்து இறங்கிற ஆள் மூண்டு மாசம் பிரித்தானியாவில இருந்த பிறகு தான் சைல்ட் பெனிபிட் கிடைக்கும். பிரிட்டிஷ் பாஸ்போட் இருந்தாலும் அது தான் கணக்கு, பாஸ்போட் கையில இருக்குத் தானே எண்டு கனபேர் நினைக்கிற பிழை இது. ஆனா இதுக்கு ஒரு விலக்கு இருக்கு, எங்களை மாதிரி ஊருக்கு வந்து நிண்டிட்டுப் போறவைக்கு அது தான் முக்கியம்: வெளிக்கிட முதல் அங்க தொடர்ச்சியா மூண்டு மாசமாவது வழமையா இருந்தவராயிருந்து, 52 கிழமைக்குக் குறைவா வெளிய நிண்டிட்டுத் திரும்பினா அந்த மூண்டு மாசம் பொறுக்கத் தேவையில்லை. இறங்கின உடனயே போடலாம்.

ஒரு வருசம் எண்டு வாயால சொல்லாதேங்கோ, கிழமையா எண்ணுங்கோ. 52 கிழமை எண்டால் 364 நாள். தங்கச்சியின்ர கணக்கை கலண்டரை வச்சுக்கொண்டு ரெண்டு பேரும் எண்ணினம், ஏப்ரல் 7 வெளிக்கிட்டது, 364ஆவது நாள் 2026 ஏப்ரல் 6. அதுக்கு முதல் லண்டனில கால் வைக்க வேணும். அவை என்ன நினைச்சிருந்தவை தெரியுமோ, சித்திரை வருசப்பிறப்பை மாமியோட கொண்டாடிட்டு 18ஆம் திகதி போவம் எண்டு. பன்ரெண்டு நாள் வித்தியாசம் தான். அந்தப் பன்ரெண்டு நாளுக்கு மூண்டு மாசக் காசு போகும். 2025 ஏப்ரலில இருந்து 2026 ஏப்ரல் வரைக்கும் மூத்த பிள்ளைக்குக் கிழமைக்கு 26.05 பவுண்ஸ், மற்றப் பிள்ளையள் ஒவ்வொருத்தருக்கும் 17.25, ரெண்டு பிள்ளைக்கும் சேத்து 43.30. பதின்மூண்டு கிழமையால பெருக்கிப் பாருங்கோ, 560 பவுண்ஸ் தாண்டும், ஏப்ரலில கூட்டினா இன்னும் கூட.

மாமியோட வருசப்பிறப்புக்கு நிக்கிறது 560 பவுண்ஸை விடப் பெரிசு எண்டு நீங்கள் நினைச்சா அது உங்கட முடிவு, நான் அதைப் பிழை சொல்ல மாட்டன். நானே அப்பாவின்ர முதலாவது வருச ஆட்டைத் திவசம் முடிச்சுத் தான் போனனான், நாளைக்கும் அப்பிடித் தான் செய்வன். ஆனா தெரிஞ்சு கொண்டு முடிவெடுங்கோ, தெரியாமல் போய் மாட்டாதேங்கோ.

இப்ப என்ர கதை, ஏனெண்டால் இதில வேற ஒரு பாடமும் இருக்கு. அப்பாவுக்குப் பாரிசவாதம் எண்டு 2023 ஜனவரி 19 நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டு வந்தம். மாசி மாசம் அப்பா போயிட்டார். அம்மாவைத் தனிய விட மனம் வரேல்லை, எனக்கும் அப்ப வயித்தில ரெண்டாவது, மகள் இஞ்ச திருமலையில தான் 2023 ஆவணியில பிறந்தவ. பேந்து பிள்ளைக்குப் பிரிட்டிஷ் பாஸ்போட் எடுக்கவேணும், அது மாசக் கணக்கில இழுத்தது. இவர், என்ர மனிசன், வேலையும் வீடும் பாக்கவேணும் எண்டு 2023 கார்த்திகையில முதல் போயிட்டார். நானும் பிள்ளையளும் ஆட்டைத் திவசம் முடிய 2024 மார்ச் 4 போய் இறங்கினம். நான் 52 கிழமையைத் தாண்டி ஆறு கிழமை கூட நிண்டிட்டன், அதால எனக்கு மூண்டு மாசம் பொறுக்கத் தான் வேணும். ஆனா இவர்? இவர் 52 கிழமைக்குள்ள திரும்பினவர், அதோட நாங்கள் இறங்கேக்க இவர் அங்க மூண்டு மாசத்துக்கு மேல இருந்தும் முடிஞ்சுது. பிள்ளையள் போய்ச் சேந்த கிழமையே இவர் தன்ர பேரில போட்டிருக்கலாம்! அந்த மூண்டு மாசம் பிள்ளைக்கு இல்லை, கேக்கிற ஆளுக்குத் தான். இதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, ஒரு தெரிஞ்ச ஆள் ஆறு மாசம் பொறுங்கோ எண்டார், பேந்து பிள்ளையின்ர சளி, வீடு மாறினது எண்டு இழுபட்டு நான் 2024 நவம்பர் 12 தான் போட்டன். பழைய காசு எவ்வளவு தருவினம் எண்டு நினைக்கிறியள், ஆகக் கூடினது மூண்டு மாசம். ஆவணியில இருந்து தான் கிடைச்சுது. மார்ச்சில இருந்து ஆவணி வரைக்கும் உள்ளது போனது போனது தான்.

அதால தாய் தகப்பன் ரெண்டு பேரில ஆர் முதல் போகினமோ, ஆர் அங்கயே நிண்டவையோ, அவையின்ர பேரில பாருங்கோ. கனக்க வீடுகளில மனிசன் அங்க வேலையில நிக்க மனிசியும் பிள்ளையளும் தான் ஊருக்கு வந்து நிக்கிறது. அப்பிடியெண்டால் மனிசனுக்கு மூண்டு மாசக் கணக்கே இல்லை, பிள்ளையள் போய்ச் சேந்தவுடன போடட்டும்.

ஆனா அதோட நிப்பாட்டாதேங்கோ. சைல்ட் பெனிபிட் ஆரின்ர பேரில இருக்கோ அவைக்குப் பிள்ளைக்கு 12 வயசு வரும் வரைக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட் விழும், அது அரசாங்கப் பென்ஷனுக்கு எண்ணுற வருசக் கணக்கு. முழுப் பென்ஷன் எடுக்க 35 வருசம் வேணும். மனிசன் வேலை செய்யிறார் எண்டால் அவருக்கு வேலையாலயே அது விழும், வீட்டில பிள்ளை பாக்கிற மனிசிக்குத் தான் இந்தக் கிரெடிட் தேவை. எங்கட ஆக்கள் பழக்கத்தில எல்லாத்தையும் ஆம்பிளையின்ர பேரில எழுதிப் போடுவினம், பேந்து பென்ஷன் எடுக்கிற வயசில அக்காமாருக்குப் பென்ஷன் குறைஞ்சு நிக்கும். அதால அவசரத்துக்கு மனிசனின்ர பேரில தொடங்கினாலும், மனிசிக்கு மூண்டு மாசம் முடிய அவவின்ர பேருக்கு மாத்துங்கோ. வீட்டில ஒருத்தருக்கு வருமானம் 60,000 பவுண்ஸ் தாண்டினா கொஞ்சம் கொஞ்சமா வரியாத் திருப்பி எடுப்பினம், 80,000 வந்தா முழுக்கப் போகும். அப்பவும் ஃபோமைப் போட்டிட்டு காசு வேண்டாம் எண்டு குறியுங்கோ, கிரெடிட் விழும்.

பேப்பர் விசயம் தான் இனி, இதுக்குத் திருமலையில நிக்கேக்கயே செய்ய வேண்டியது நிறைய.

பிள்ளை இஞ்ச பிறந்தது எண்டால் அசல் பிறப்புச் சான்றிதழும், பிள்ளை வந்த பாஸ்போட்டும் கேப்பினம். அசலைத் தபாலில அனுப்பிட்டு அது திரும்பி வரும் வரைக்கும் நெஞ்சில நெருப்பு. பிரதேச செயலகத்தில போய் அத்தாட்சிப்படுத்தின கொப்பி ரெண்டு மூண்டு எடுத்து வையுங்கோ, இஞ்ச நிக்கேக்க ஒரு காலமை வேலை, அங்க போய் இருந்து கொண்டு ஆரையாவது அனுப்பி எடுக்கிறது எண்டால் பெரும் பாடு. என்ர மகளின்ர சான்றிதழ் தமிழில கையால எழுதினது, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து இங்கிலீசுக்கு மாத்தினம். முதல் அடிச்ச தாளில அப்பப்பாவின்ர பேரை அவர் தன்ர பாட்டுக்கு 'டி' எழுத்து போட்டு அடிச்சிட்டார், பாஸ்போட்டில 'டிஎச்'. ஒரு எழுத்து தான், ஆனா பேர் ரெண்டு பேரா நிக்கும். நான் மகளைத் தோளில போட்டுக்கொண்டு நிண்டு ஒவ்வொரு எழுத்தாப் பாத்து, திருப்பி அடிக்கச் சொல்லித் தான் காசு குடுத்தனான். பாஸ்போட்டின்ர படத்தை போனில வச்சுக்கொண்டு அங்கயே ஒப்பிட்டுப் பாருங்கோ.

பயணத்துக்கு ஆதாரம் வையுங்கோ. பிரிட்டிஷ் பாஸ்போட்டோட ஹீத்ரோவில ஈ-கேற்றால (ஆளில்லாத தானியங்கிக் கதவால) போனா ஒரு சீலும் விழாது. கட்டுநாயக்காவில அடிக்கிற சீல் தான் நீங்கள் எப்ப வந்தியள், எப்ப போனியள் எண்டதுக்குச் சாட்சி. அந்தப் பக்கத்தைப் படமெடுங்கோ. போர்டிங் பாஸை எறியாதேங்கோ. 2025 இல பயணத் தரவை வச்சுப் பாத்துக் கனபேருக்குச் சைல்ட் பெனிபிட்டை நிப்பாட்டினவை, அதில சும்மா லீவுக்குப் போட்டு வந்த சனமும் அடிபட்டுது, திரும்பி வந்த பயணம் பதிவில இல்லாததால. அந்த நேரம் ரிக்கெற்றும் பள்ளிக்கூடக் கடிதமும் கையில வச்சிருந்தவை தப்பினவை. போன பிறகு வீட்டு ஒப்பந்தம், கவுன்சில் ரக்ஸ் பில், ஜீபியில (குடும்ப டொக்டரிட்ட) பதிஞ்ச கடிதம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில இடம் கிடைச்ச கடிதம், இதெல்லாம் ஒரு ஃபைலில. நிரந்தரமா இருக்கத் தான் வந்தனீங்கள் எண்டு காட்டுறது இதுகள் தான்.

இன்னொண்டு, இஞ்சயிருந்து கொண்டு போட ஏலாது. ஆள் அங்க நிக்கவேணும்.

தனக்கும் சைல்ட் பெனிபிட் கிடைக்குமோ எண்டு கீழ கேட்ட தம்பிக்கு: கெயார் விசாவில (பராமரிப்பு வேலை விசாவில) வந்தனீங்கள் எண்டு எழுதியிருக்கிறியள். உங்கட விசாவில பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசாங்க உதவிக் காசு) இல்லை எண்டு போட்டிருந்தா சைல்ட் பெனிபிட் கேக்காதேங்கோ தம்பி, அது பப்ளிக் ஃபண்ட்ஸுக்குள்ள தான் வருது, எடுத்தால் பிறகு விசாவுக்குத் தான் பிரச்சினை. ஸ்ருடன்ற் விசாவும் அப்பிடித் தான். நிரந்தர வதிவிடம் கிடைச்ச பிறகு கேளுங்கோ. ஆனா மனிசன் பிரிட்டிஷ், மனிசி ஸ்பவுஸ் விசா எண்டால் மனிசன் தன்ர பேரில போடலாம், அதால மனிசியின்ர விசாவுக்கு ஒண்டும் வராது.

மூதூரில இருந்து கேட்ட அக்காவுக்கு: மகன் ஓ.எல். எழுதி முடிச்சிட்டு வரட்டும் எண்டு அம்மம்மாவோட விட்டிட்டு நீங்கள் சின்னவளோட மட்டும் போறியள் எண்டால், அவன் வந்து சேரும் வரைக்கும் அவனுக்குக் கிடைக்காது, நீங்கள் மாசாமாசம் காசு அனுப்பினாலும். பிள்ளை பிரித்தானியாவுக்கு வெளிய 12 கிழமைக்கு மேல நிண்டாலே அந்தப் பிள்ளைக்கு வாற காசு நிண்டிடும். வந்த பிறகு ஏ லெவல் மாதிரிப் படிப்பில சேந்தா 20 வயசு வரைக்கும் எடுக்கலாம், யூனிவேர்சிற்றிக்குக் கிடையாது. சின்னவளுக்கு உங்கட மூண்டு மாசக் கணக்குச் சரியான உடன போடுங்கோ, அண்ணா வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்காதேங்கோ.

இன்னும் வெளிக்கிடாத ஆக்களுக்கும் ஒரு சொல்லு. ஊருக்கு வரேக்க எட்டுக் கிழமைக்கு மேல நிப்பம் எண்டால் முதலே அறிவியுங்கோ. தற்காலிகமா வெளிய நிண்டா எட்டுக் கிழமை வரைக்கும் காசு வரும், குடும்பத்தில வருத்தம், சாவு எண்டு நிக்க வேண்டி வந்தா 12 கிழமை. அதுக்கு மேல வந்த காசை எடுத்துச் செலவழிச்சா திருப்பிக் கேப்பினம். அப்பா செத்த நேரம் எனக்கு எதுகும் ஓடேல்லை, இவர் தான் ஞாபகமா அறிவிச்சவர், மரணச் சான்றிதழும் எடுத்து வச்சவர். அந்த ஒரு வேலையால பேந்து திருப்பிக் கட்டுற கரைச்சல் இல்லாமல் போச்சு.

தங்கச்சியின்ர மனிசன் நேற்றுப் பின்னேரம் ரிக்கெற் பாத்தவராம், ஏப்ரல் 2 இல இடமிருக்கு, விலையும் வருசப்பிறப்புக்குப் பிறகு உள்ளதை விடக் குறைவாம். மாமியிட்ட இன்னும் சொல்லேல்லை. நாளைக்குக் காலமை நானும் அவவும் பிரதேச செயலகத்துக்குப் போறம், சின்னவனின்ர பிறப்புச் சான்றிதழ் மூண்டு கொப்பி எடுக்க. அடையாள அட்டையும் பழைய கொப்பியும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறன். வேற ஆருக்கும் கேள்வி இருந்தா வெளிக்கிட்ட திகதியையும் திரும்புற திகதியையும் சேத்து எழுதுங்கோ, அது ரெண்டும் இல்லாமல் ஒண்டும் சொல்லேலாது.