ஹீமோபீலியா மரபணு மருந்து: விலை ஏன் இவ்வளவு, சிறுவர்களுக்குப் பயன்படுமா?

அம்பைவாசி:
என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. தீவிர ஹீமோபீலியா ஏ, அதாவது இரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைவான பிறவி நோய். முழங்கால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து வீங்கும்போதெல்லாம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஃபேக்டர் 8 போட்டு வருகிறோம். ஒரே தடவை ஏற்றும் மரபணு மருந்துகள் வெளிநாட்டில் வந்துவிட்டன என்றும், இதன் இன்னொரு வகையான ஹீமோபீலியா பி-க்கான ஹெம்ஜெனிக்ஸ் மருந்தின் விலை 35 லட்சம் டாலர் என்றும் படித்தேன். தயாரிக்கவே அவ்வளவு செலவாகுமா? எங்கள் பையனுக்கு அது உதவுமா?

சங்கரன்கோவிலான்:
அண்ணாச்சி, உயிரியல் மருந்து ஆலையில் சுத்திகரிப்புப் பிரிவில் இருக்கிறேன். விலை முழுவதும் தயாரிப்புச் செலவு அல்ல; ஆனால் தயாரிப்பு உண்மையிலேயே கடினம். நோய் உண்டாக்காத ஏஏவி வைரஸின் கூட்டுக்குள் நல்ல மரபணுவை வைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறார்கள். ஹீமோபீலியா ஏ-க்கான ராக்டேவியனில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 60 லட்சம் கோடி துகள்கள் வேண்டும். உருவாகும் கூடுகளில் பல, மரபணு இல்லாத வெறுங்கூடுகளாகவே வெளிவருகின்றன. இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம் என்பதால், மின்னேற்றத்திலோ அடர்த்தியிலோ உள்ள சிறு வேறுபாட்டைப் பிடித்துத்தான் பிரிக்க முடியும், அப்போது நல்ல துகள்களும் கொஞ்சம் கழிந்துபோகும்.

முன்னேற்றம், இந்தக் கூடுகளை உருவாக்கும் உயிரணுக்களை வளர்ப்பதில்தான் அதிகம். தட்டுகளில் ஒட்டி வளரும் மனித உயிரணுக்களுக்குப் பதிலாக, பெரிய கலன்களில் மிதந்தே பெருகும் பூச்சி உயிரணுக்களை இவ்விரு மருந்துகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். நம் பக்கத்து மக்காச்சோளத்தைச் சில ஆண்டுகளாகச் சூறையாடும் படைப்புழு இருக்கிறதே, அதன் கூட்டுப்புழுவின் சூலகத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த உயிரணுக்கள்தான் அவை.

பாளை செவிலியர்:
சிறுவனுக்கு இப்போது அது பொருந்தாது. ஏஏவி கொண்டுசெல்லும் மரபணு பெரும்பாலும் குரோமோசோமில் இணைவதில்லை. கல்லீரல் வளர வளர அது நீர்த்துப்போகும் என்பதால் பெரியவர்களுக்கு மட்டுமே அனுமதி. வேலூர் சிஎம்சி வேறு வழியில் சென்றிருக்கிறது: நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, லென்டிவைரஸால் மரபணுவைக் குரோமோசோமிலேயே இணைத்துத் திரும்பச் செலுத்துகிறார்கள். 2024-இல் வெளியான ஆய்வில் ஐந்து பேருக்கும், மொத்தம் 81 மாதக் கண்காணிப்பில், இரத்தக்கசிவே இல்லை. எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிறது. ஆனாலும் முன்னதாகக் கடுமையான கீமோ தேவைப்படுகிறது, அந்த ஐவரும் வயது வந்தவர்கள்.

அதுவரை மூட்டுகளைக் காப்பதே முக்கியம். வீங்கிய பின் ஓடிவராமல், முன்கூட்டியே தடுக்கும் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் என்ற தடுப்பு ஊசி மருந்து கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். ஃபேக்டருக்கு எதிராக இன்ஹிபிட்டர் (அதைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புப்பொருள்) உடலில் உருவாகியிருந்தாலும் எமிசிசுமாப் வேலை செய்யும். இன்ஹிபிட்டர் பரிசோதனை முடிவை மறக்காமல் கொண்டுபோங்கள்.