பிள்ளைகள் போன வீட்டுக்கு எந்தப் படிமம்?

கேள்வி:
மகள் வேலைக்காகப் புனே போய்விட்டாள். அதைக் கவிதையாக எழுத உட்கார்ந்தால் கூடும் சிறகும்தான் வருகின்றன. எத்தனையோ பேர் எழுதித் தேய்ந்த படிமம். தவிர, என் வீடு காலியாகவும் இல்லை. அவளுடைய பாட்மிண்டன் மட்டை, பாதி தீர்ந்த தேங்காய் எண்ணெய், மொட்டைமாடியில் அவள் வைத்த செம்பருத்தி எல்லாம் அப்படியே இருக்கின்றன. பெற்றவளின் தனிமையைப் பழைய கவிஞர்கள் எதை வைத்துச் சொன்னார்கள்?

பதில் 1:
அக்கா, உங்கள் பட்டியலே பாதிக் கவிதை. நற்றிணை 305 பாருங்கள், கயமனார் பாடியது. மகள் காதலனோடு போய்விட்டாள். தாய் அவளுடைய தோழியிடம் பேசுகிறாள். ‘வரியணி பந்தும் வாடிய வயலையும்’ என்றுதான் பாட்டே தொடங்குகிறது. வயலை ஒரு கொடி. அடுத்து, மயிலடி போன்ற நொச்சி. இவை கண்ணில் படுவதே அவளுக்கு நோயாகிறது. பந்து அப்படியே கிடக்கிறது, கொடி மட்டும் வாடிவிட்டது. மகள் போய் எவ்வளவு நாளாயிற்று என்று தாய் சொல்லவில்லை, கொடி சொல்லிவிடுகிறது. எனக்கு இந்த இடம் எத்தனை முறை படித்தாலும் தொண்டையை அடைக்கும்.

ஐங்குறுநூற்றில் தாய் இரங்குவதற்கென்றே பத்துப் பாட்டு உண்டு, ஓதலாந்தையார் பாடியவை. அதில் 375-ஆம் பாட்டில், ‘இது என் பாவைக்கு இனிய நன்பாவை’ என்று மகளின் பொம்மையைக் காட்டுகிறாள். அப்புறம் கிளி, பூவை என்ற மைனா. பார்க்கப் பார்க்கக் கலங்குகிறாள்.

பதில் 2:
புறநானூறு 86-ஐ விட்டுவிட்டீர்களே! காவற்பெண்டு பாடியது. வீட்டுத் தூணைப் பிடித்தபடி ‘உன் மகன் எங்கே’ என்று ஒருத்தி கேட்கிறாள். எங்கே இருக்கிறானோ அறியேன், புலி தங்கிப்போன கற்குகை போல அவனைப் பெற்ற வயிறு இதோ என்கிறாள் தாய். விட்டுப்போன பொருள் எதுவும் வேண்டியிருக்கவில்லை, உடம்பே போதும்.

பதில் 1:
அபாரமான உவமை, சரி. ஆனால் அது வாகைத் திணை, வெற்றியைப் பாடுவது. போர்க்களத்தில் தோன்றுவான் என்று உடனே சொல்லிவிடுகிறாள். அது பெருமிதம், தனிமை இல்லை.

கேள்வி கேட்டவர்:
எனக்கு இரண்டும் கேட்கிறது. மகளுக்கு வேலை கிடைத்ததை ஊரெல்லாம் சொன்னவளும் நான்தான். பெருமை இருந்தால் ஏக்கம் இருக்காதா என்ன? ‘அறியேன்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

பதில் 3:
கலித்தொகை 9-ஐயும் சேருங்கள். மகளைத் தேடி வரும் தாயிடம் வழியில் அந்தணர்கள் சொல்கிறார்கள்: சந்தனம் பூசுபவர்க்கே, மலைக்கு இல்லை. முத்து அணிபவர்க்கே, கடலுக்கு இல்லை. உன் மகளும் உனக்கு அப்படித்தான்.

கேள்வி கேட்டவர்:
படித்தேன். நியாயமான பேச்சுதான், ஆனால் பெறாதவர்கள் பேசும் நியாயம். மலையையும் கடலையும் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டபின் அந்தத் தாய் என்ன சொன்னாள் என்றும் பாட்டில் இல்லை. அவள் பதிலை எழுதிப் பார்க்கிறேன். முடிந்ததும் இங்கே போடுகிறேன், தயவு பார்க்காமல் சொல்லுங்கள்.