எலக்டோரல் காலேஜுக்குத் தமிழ்ச்சொல்: திங்கள்கிழமைக்குள் வேண்டும்

கோபி ஆசிரியை:
அய்யா, பன்னிரண்டாம் வகுப்புக் குறிப்பு திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. நம் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் தொகுதியான எலக்டோரல் காலேஜுக்கு அதில் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். 'தேர்தல் கல்லூரி' என்றால் பிள்ளைகள் கட்டடத்தை நினைக்கிறார்கள். 'தேர்வாளர் குழு' என்றால் பரீட்சை. எதைப் போடட்டும்?

பொள்ளாச்சிப் புலவர்:
'தேர்வாயம்' போடுங்கம்மா. அரசனைச் சூழ்ந்த குழுக்களுக்கு ஐம்பெருங்குழு, எண்பேராயம் என்று சிலம்பிலேயே இருக்கிறது. ஆயம் என்றால் கூட்டம், தோழியர் திரள். 'குழாம்' கூட உண்டு. என் காதுக்கு அதில் ஆரவாரம் கேட்கிறது, ஆயத்தில் அமைதி இருக்கிறது. இல்லாவிட்டால் உத்திரமேரூர்க் குடவோலையிலிருந்து ஒரு சொல் எடுப்போம்.

ஈரோடு வழக்கறிஞர்:
புலவரய்யா, குடவோலை குடத்திலிருந்து சீட்டெடுப்பது. இங்கே வாக்குக்கு எடை உண்டு, முறையின் சிறப்பே அதுதான். 1971 மக்கள்தொகைப்படி தமிழ்நாடு 4,11,99,168. அதை 234 எம்.எல்.ஏ.க்களால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுங்கள்: ஒருவர் வாக்கின் மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. எல்லாச் சட்டமன்றங்களின் வாக்கு மதிப்பையும் கூட்டினால் எவ்வளவோ, எம்.பி.க்கள் எல்லாருக்கும் சேர்த்து ஏறக்குறைய அவ்வளவே. சட்டமன்றங்கள் ஒரு தட்டு, நாடாளுமன்றம் மறு தட்டு. நியமன உறுப்பினருக்கு வாக்கில்லை.

ஜனாதிபதிக்கு நேரடித் தேர்தல் வேண்டும் என்று, அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் அதன் உறுப்பினர் கே.டி. ஷா கேட்டார். நாடு முழுக்க வாக்கு வாங்கி வருகிற ஜனாதிபதி, பிரதமருக்கு எதிர் அதிகாரமாக நிற்பார் என்றுதான் மறுத்தார்கள். இன்றைக்கும் அது சரியான முடிவு.

அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் எலக்டோரல் காலேஜின் 538 பேர் வேறு வகை. அதற்கென்றே அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2000-லும் 2016-லும் மக்கள் வாக்கு அதிகம் வாங்கியவர் தோற்றார். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். நமக்கு 'வாக்காளர் குழு', அவர்களுக்கு 'பேராளர் குழு'.

பொள்ளாச்சிப் புலவர்:
பேராளர் கட்சி மாநாட்டுக்குப் போகிறவர். வாக்காளர் என்றால் நாமெல்லாரும். எம்.எல்.ஏ. மட்டும் எப்படி?

சென்னிமலை மொழிபெயர்ப்பாளர்:
'தெரிவுக்குழு'வும் வேண்டாம், இலங்கையில் அது நாடாளுமன்ற விசாரணைக் குழு.

கோபி ஆசிரியை:
ஆயம் என்றாலே எங்க பிள்ளைகளுக்குக் கீழ்பவானி வாய்க்காலின் பாசனப் பரப்பான ஆயக்கட்டுதான் வரும், கோவிச்சுக்காதீங்க அய்யா. வாய்க்கால் தண்ணி எப்ப விடுவாங்கன்னு வீட்டில் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். 'வாக்காளர் குழு' என்றே போடுகிறேன். 176 வந்த கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். அமெரிக்கப் பாடம் அடுத்த மாதம்தான், பேராளரை அப்போது பார்ப்போம்.

பொள்ளாச்சிப் புலவர்:
அச்சுக்கு அனுப்புங்கம்மா. தேர்வாயத்தை நான் விடப்போவதில்லை. எண்பேராயம் பற்றி நாளைக்குத் தனியாக எழுதுகிறேன்.