மறு: ஒரே கணினியில் பல கிளஸ்டர் நோடுகள் – தமிழ்ச் சொல்

> வெர்ட்டிகல் கிளஸ்டரிங் என்பதைச் 'செங்குத்துக் கொத்தாக்கம்' எனலாமா?

வணக்கம் ஐயா.

வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே செங்குத்தாக எதுவும் நிற்கவில்லையே! கிளஸ்டர் என்பது ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் செர்வர்களின் குழு; அதில் ஒவ்வொன்றும் ஒரு நோடு. வெர்ட்டிகல் கிளஸ்டரிங்கில் ஒரே கணினியில் வைல்டுஃப்ளை என்ற ஜாவா செர்வர் மென்பொருளை இரண்டு மூன்றாக ஓடவிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் கோப்புறை, தனி ஜாவா மெய்நிகர் பொறி (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்). அவ்வளவுதான்.

முதலில் நோடு. 'முனையம்' டெர்மினலுக்குப் போய்விட்டது. 'கணு' நம்மிடமே இருக்கிறது. கரும்பை எண்ணிப் பாருங்கள். கழி ஒன்று, கணு பல. ஒவ்வொரு கணுவிலும் தனியே முளைக்கக்கூடிய பரு. ஒரு நோடு நின்றுபோனால் அதன் அமர்வுகளை, அதாவது அதோடு பயனர்கள் நடத்திக்கொண்டிருந்த உரையாடல்களை, அடுத்தது ஏற்கும். ஆனால் கணினியே படுத்துவிட்டால்? கழி சாய்ந்தால் எல்லாக் கணுவும் சாயும். பயனும் அபாயமும் அந்த ஒரு சொல்லிலேயே தெரிகின்றன.

> கொத்தா, கொத்தணியா?

கொத்தணி. 2020-இல் கொரோனா பரவியபோது இலங்கைச் செய்திகளில் 'மினுவாங்கொடை கொத்தணி' என்று படித்திருப்பீர்கள். கொத்து என்றால் சேர்ந்து தொங்கினாலே போதும். அணியில் இருப்பவருக்கு அடுத்தவர் யார், இருக்கிறாரா இல்லையா என்பது தெரிய வேண்டும். கிளஸ்டரின் உயிரே அதுதான்.

முதலில் 'ஒருபொறிக் கொத்தணி' என்றுதான் எழுதினேன். ஒவ்வொரு கணுவும் ஒரு மெய்நிகர் பொறி என்பதால் குழப்புகிறது. எனவே 'ஒருகணினிக் கொத்தணி'. பல கணினிகளில் பரப்பினால் 'பல்கணினிக் கொத்தணி'.

> போர்ட் ஆஃப்செட்?

போர்ட் என்பது கணினியில் ஒரு சேவையை அடைய உதவும் எண்ணிட்ட வாயில். அதற்குத் 'துறை' போதும், 'துறைமுகம்' வேண்டாம். ஆறு ஒன்று, படித்துறை பல. ஒரே முகவரியில் ஒரே துறையை இரண்டு கணுக்கள் பிடிக்க முடியாது. அதனால் இரண்டாவதற்கு எல்லாத் துறை எண்களோடும் 100 கூட்டுகிறோம். 8080 என்பது 8180 ஆகும், 9990 என்பது 10090 ஆகும். 'நாலு வீடு தள்ளி' என்கிறோம் அல்லவா, அதே தள்ளல். 'தள்ளெண்' என்று வைக்கலாம். சுடுசோறு போல வினைத்தொகை. "இரண்டாம் கணுவின் துறைத் தள்ளெண் 100" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இடறவில்லை.

ஆஃப்செட் கழித்தலாகவும் வரலாமே என்று யாராவது கேட்கக்கூடும். முன்னே தள்ளினாலும் பின்னே தள்ளினாலும் தள்ளல்தானே.

கையேட்டில் 'செங்குத்து' வரும் இடங்களை இன்னும் தொடவில்லை. உங்கள் மறுமொழி கண்டபின் மாற்றுகிறேன்.