இரண்டு நாட்டு ஆளுமைச் சோதனைச் சராசரிகளை நேராக ஒப்பிடலாமா?

கேள்வி
44 வாக்கியங்கள் கொண்ட ஐங்காரணி ஆளுமைக் கேள்வித்தாள் (பொறுப்புணர்வு உட்பட ஐந்து குணங்களை அளப்பது; ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 'உடன்படவில்லை' முதல் 5 'உடன்படுகிறேன்' வரை குறிக்க வேண்டும்). இரண்டு நாடுகள், இரண்டு மொழிகள். இரண்டிலும் ஆல்ஃபா (நம்பகத்தன்மைக் குறியீடு) 0.80-க்கு மேல். ஒரு நாட்டில் மட்டும் 'பொறுப்புணர்வு' சராசரி நன்றாகக் குறைகிறது. அந்நாட்டவருக்குப் பொறுப்புணர்வு குறைவு என்று எழுதலாமா?

பதில் 1
எழுதாதீர்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே ஆல்ஃபா சொல்லும். இரு நாட்டாரும் ஒரே அளவுகோலைப் பிடித்து அளந்தார்களா என்பது அதில் தெரியாது.

'நான் நேரம் தவறாதவர்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் தாமதமாக வரும் ஒருவர், எல்லாரும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும் இடத்தில் 2 போடுவார். அரைமணி தாமதம் சகஜமான இடத்தில் அவரே 5 போடுவார். அவரவர் தம்மைச் சுற்றியுள்ளவர்களோடு ஒப்பிட்டுத்தான் குறிக்கிறார்கள். 2007-இல் வெளியான 56 நாட்டு ஆய்வில் ஜப்பானின் பொறுப்புணர்வு மதிப்பெண் கடைசி வரிசையில் இருந்ததற்கு இதையும் ஒரு விளக்கமாகச் சொல்கிறார்கள்.

பதில் 2
பலகுழு உறுதிப்படுத்தும் காரணி ஆய்வு செய்யுங்கள்; தாள் இரு குழுவிலும் ஒரே மாதிரி அளக்கிறதா என்று படிப்படியாகச் சோதிக்கும் முறை அது. முதலில் காரணி அமைப்பு, அதாவது எந்த வாக்கியம் எந்தக் குணத்தோடு சேர்கிறது என்பது, ஒன்றா என்று பாருங்கள். பிறகு காரணிச் சுமைகளையும் (ஒரு வாக்கியம் அந்தக் குணத்தோடு எவ்வளவு வலுவாகப் பிணைந்துள்ளது), அதன்பின் வெட்டுத்துண்டுகளையும் (குணம் ஒரே அளவில் இருக்கும்போது அந்த வாக்கியத்துக்கு விழும் அடிப்படை மதிப்பெண்) இரு குழுவுக்கும் சமமாக்குங்கள். ஒவ்வொரு படியிலும் சிஎஃப்ஐ (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்னும் குறியீடு) 0.01-க்கு மேல் சரிந்தால் அந்தச் சமன்மை இல்லை என்று கொள்வது வழக்கம். சுமைகள் சமமாக நின்றால் தொடர்புகளை ஒப்பிடலாம். சராசரியை ஒப்பிட வெட்டுத்துண்டுகளும் நிற்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

முதல் படியே உடைவதும் உண்டு. பொலிவியாவின் சிமானே பழங்குடி மக்கள் 632 பேரிடம் நடந்த ஆய்வில் (2013) ஐந்து காரணிகள் தெளிவாகப் பிரியவில்லை.

கேட்டவர்
ஒவ்வொருவரின் விடைகளிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழித்துவிட்டால் சரியாகிவிடாதா?

பதில் 3
44 விடைகளின் சராசரியையும் அப்படியே கழித்தால் உண்மையான வேறுபாட்டிலும் ஒரு பங்கு போய்விடும். எதற்கும் 'ஆமாம்' போடும் பழக்கத்தை மட்டும் பிரிக்க வேண்டுமானால், எதிர்ப்பொருள் கொண்ட வாக்கியங்களை இணை இணையாக எடுத்து, மதிப்பெண்ணைத் திருப்புவதற்கு (எதிர்மறை வாக்கியத்தில் 5-ஐ 1 ஆக மாற்றுவதற்கு) முன்னால் சராசரி பாருங்கள். 'சோம்பேறி', 'கடும் உழைப்பாளி' இரண்டுக்கும் ஒருவர் 5 போட்டிருந்தால் அங்கே அளக்கப்பட்டது அவர் குணமல்ல. உங்கள் தாள் வழக்கமான 44 வாக்கியத் தாள் என்றால், திருப்பி மதிப்பிட வேண்டியவை 16 மட்டுமே. ஆகவே அந்தச் சாய்வு தானாகச் சமனாகாது.

மொழிபெயர்ப்பையும் ஒருமுறை பாருங்கள். 'வேலையைத் தள்ளிப்போடுவதில்லை' என்பதற்கு 'உடன்படவில்லை' என்று குறிப்பது இரட்டை எதிர்மறை; பலர் அங்கே தடுக்கி விழுவார்கள். பத்துப் பேரிடம் வாக்கியத்தைப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். மறுமொழிபெயர்ப்பில் (மூல மொழிக்கே திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிடுவதில்) சிக்காத பிழை இதில் சிக்கும்.