பிரிப்பாற்றலைத் தாண்டினால் நியூட்ரான் மட்டும்தானா?

கதிர்:
பீட்டாச் சிதைவில் (ஓர் அணுக்கரு எலக்ட்ரானை உமிழ்ந்து வேறொன்றாக மாறுவது) பிறந்த சேய் அணுக்கரு, நியூட்ரான் பிரிப்பாற்றலுக்கு (ஒரு நியூட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல்) மேல் கிளர்ந்திருந்தால் நியூட்ரான்தான் வெளியேறும். மின்னூட்டம் இல்லாததால் அதற்குக் கூலூம் தடுப்பும் (மின்விசையால் வரும் தடை) கிடையாது. கூடுதல் ஆற்றலைக் காமாக் கதிராக உமிழ நேரமே இருக்காது. லித்தியம்-11ஐப் பாருங்கள். அரை ஆயுள் 9 மில்லிநொடிகூட இல்லை. சிதைவாற்றல் 20 எம்இவிக்கு (மெகா எலக்ட்ரான் வோல்ட், அணுக்கரு ஆற்றலின் அலகு) மேல். சேயான பெரிலியம்-11இலிருந்து ஒரு நியூட்ரானைப் பிரிக்க அரை எம்இவி போதும். பெரும்பாலான சிதைவுகளில் நியூட்ரான் வருகிறது, சிலவற்றில் இரண்டு மூன்றுகூட.

முல்லை:
லித்தியத்தை வைத்து எல்லாக் கருக்களுக்கும் விதி எழுத முடியாது நண்பரே. புரோமின்-87 என்ன செய்கிறது? அதன் சேய் கிரிப்டான்-87. பிரிப்பாற்றலைக் கொஞ்சம் தாண்டிய நிலைகளிலிருந்து நியூட்ரான் போனால் கிரிப்டான்-86இன் அடிநிலைக்குத்தான் போக வேண்டும். அடுத்த நிலை ஒன்றரை எம்இவி உயரத்தில் இருக்கிறது. சில நிலைகளின் தற்சுழற்சி (கருவின் கோண உந்தம்) அதிகம் என்பதால் நியூட்ரான் பெரிய கோண உந்தத்தைச் சுமந்தே வெளியேற முடியும். அங்கே அந்தக் கோண உந்தத்தால் எழும் மையவிலக்குத் தடுப்பு மறிக்கிறது. பின்லாந்தின் யுவாஸ்குலாவில் சிதையும் கருக்களை, காமாவைப் பிடிக்கும் பேரியம் ஃபுளோரைடு படிகங்களால் சுற்றி வளைத்து அளந்தார்கள். 2015இல் வந்த முடிவு: நியூட்ரானுக்குச் சளைக்காத அளவில் காமா!

கதிர்:
கோண உந்தத் தடுப்பு பழைய பாடம்தானே. விதி உடையவில்லை, விலக்கு ஒன்று தெரிந்திருக்கிறது.

பரிதி:
உலைப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. யுரேனியம்-235 பிளவில் வரும் நியூட்ரான்களில் தாமத நியூட்ரான்கள் (பிளவுத் துண்டுகளின் பீட்டாச் சிதைவுக்குப் பிறகு வருபவை) சுமார் 0.65 சதவீதம்தான். அவை இல்லாமல் உலையைக் கட்டுக்குள் வைக்கவே முடியாது. எங்களுக்கு வேண்டியது எத்தனை நியூட்ரான், எத்தனை நொடி தாமதம் என்பதே. இரண்டையும் நேரடியாக அளக்கலாம். காமா போட்டியெல்லாம் எங்களுக்கு எதற்கு?

முல்லை:
உலையை நிறுத்திய பிறகும் பிளவுத் துண்டுகள் சிதைவதால் வெப்பம் வந்துகொண்டே இருக்குமே, அதைக் கணக்கிட வேண்டாமா? காமாவை அளக்கும் ஜெர்மானியம் உணரிகள் தவறவிட்ட உயராற்றல் காமாக்கள் தரவுப் பட்டியலில் இல்லாவிட்டால் கணக்கில் காமா வெப்பம் குறைவாகவே வரும்.

கதிருக்கு: அதே அளவீட்டில் ருபீடியம்-94க்குக் கோண உந்த விளக்கம் போதவில்லை. காமா பங்கு சிறியதுதான்; ஆனால் கோட்பாட்டு மாதிரிகள் சொன்னதைவிடப் பத்து மடங்கு அளவில் கூடுதல். காமா வலிமை அவ்வளவு என்றால் எதிர்த்திசையில் நியூட்ரான் பிடிப்பும் (கரு ஒன்று நியூட்ரானை விழுங்கிக் காமாவை உமிழ்வது) கூடும். நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது கனமான தனிமங்கள் உருவாகும் கணக்கு அதைத்தான் நம்பியிருக்கிறது. சில நொடிகளில் அழியும் கருவை இலக்காக வைத்து நியூட்ரான் பிடிப்பை நேரடியாக அளக்க வழியில்லை. இந்தக் காமாதான் நமக்குள்ள தடயம்.

கதிர்:
ஒரே கருவைக் காட்டி மாதிரியைத் திருத்துவதை நான் ஏற்கவில்லை. நியூட்ரான் அகலம் (நியூட்ரான் வெளியேறும் வாய்ப்பின் அளவு) நிலைக்கு நிலை தாறுமாறாக ஏறி இறங்கும். அகலம் மிகக் குறைந்த நிலைகளில் காமா முந்துவது இயல்பு. பக்கத்து ருபீடியம், சீசியம் ஐசோடோப்புகளையும் இதே முறையில் அளக்கட்டும். அங்கேயும் பத்து மடங்கு வந்தால் பேசுவோம்.