விழித்திரைக்கு அடியில் நீர்: சொல் வேண்டும், வெள்ளிக்குள்

டீச்சர், கொழிஞ்சாம்பாறை (கேரளம், தமிழக எல்லை):
எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளியில் கண் முகாம். வேலந்தாவளம் பக்கமிருந்து வருகிறவர்கள் படிப்பது தமிழ், டாக்டர் தந்த நோட்டீஸோ மலையாளம். அதில் சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி என்று ஒரு நோய். விழித்திரைக்குப் பின்னாலுள்ள இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து நீர் கசிந்து திரைக்கு அடியில் தேங்கும், நடுப்பார்வை மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும். ஸ்டீராய்டு (வீக்கம், வீசிங் போன்றவற்றுக்குத் தரும் மருந்து) எடுப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். மாத்திரை மட்டுமல்ல, இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே, களிம்பு, மூட்டில் போடும் ஊசி எல்லாம் கணக்கில் உண்டு. நான் 'விழித்திரையடி நீர்த்தேக்கம்' என்று எழுதியிருக்கிறேன். சரியா? வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

மின்வாரிய ஊழியர், சித்தூர்:
டீச்சர், நம்ம ஊரில் நீர்த்தேக்கம் என்றால் வாளையார் அணை. ஆளியாறு தண்ணீர் வரவில்லை என்று வருஷா வருஷம் சண்டை போடுகிறவர்களிடம் கண்ணுக்குள் நீர்த்தேக்கம் என்றால், எத்தனை அடி என்று கேட்பார்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), மீனாட்சிபுரம்:
வெறும் 'நீர்' போதாது. நோயின் பெயரிலுள்ள சீரஸ், சீரம் என்ற சொல்லிலிருந்து வந்தது. சீரம் என்பதற்கு ஊநீர் என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆக 'விழித்திரையடி ஊநீர்க்கோப்பு'. அப்புறம், ஸ்டீராய்டு என்று எழுதிவிட்டு அதைத் தமிழ் நோட்டீஸ் என்பதா? கிரேக்கத்தில் ஸ்டெரியோஸ் என்றால் திண்மை. கொலஸ்டிரால், ஸ்டீராய்டு இரண்டு பெயருக்கும் அதுதான் வேர். கொலஸ்டிராலை முதலில் பித்தப்பைக் கல்லில் கண்டதால் கோலே, அதாவது பித்தம், முன்னால் ஒட்டிக்கொண்டது. அந்த வழியில் ஸ்டீராய்டைத் 'திண்மனை' எனலாம்.

கல்லூரி மாணவர், பொள்ளாச்சி:
ஊன் + நீர் எப்படி ஐயா ஊநீர் ஆகும்? னகரம் எங்கே போனது? ஸ்டீராய்டுக்கு 'ஊக்கமருந்து' போதுமே.

தமிழாசிரியர்:
தம்பி, ஊ தனியாகவே இறைச்சி. நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்தொருமொழிகளில் அதுவும் ஒன்று. னகரம் வந்தால்தானே போவதற்கு?

மருந்துக்கடைக்காரர், கோவிந்தாபுரம்:
ஐயா, கோபிக்காதீர்கள், திண்மனையைத் திண்ணை என்றுதான் படிப்பார்கள். தம்பி, ஊக்கமருந்து என்றால் ஜிம்மில் உடம்பு ஏற்றுகிறவன் போடுவது, அது அனபாலிக் வகை. நம்ம பேச்சு பிரெட்னிசொலோன் மாதிரி கார்டிகோ வகை. என் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு பெயரும் சொல்வதில்லை, 'வீசிங்குக்குக் கொடுத்த சின்ன மாத்திரை' என்பார்கள். நோட்டீஸில் அப்படியே போடுங்கள், ஸ்டீராய்டு என்ற சொல்லும் பக்கத்தில் இருக்கட்டும். நீர் என்று மொட்டையாக விட்டால் கண்நீர் அழுத்த நோயோடு (கிளாக்கோமா) குழப்புவார்கள், அதுவும் ஸ்டீராய்டால் வரக்கூடியதுதான், கண்புரையும் அப்படியே. சொல்லைவிட அவசரம் வேறு: நோட்டீஸைப் பார்த்துப் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. பல நாள் சாப்பிட்டவருக்கு உடம்பு சொந்தமாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும், சட்டென்று விட்டால் ஆபத்து. டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடிதான் குறைக்க வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள் டீச்சர்.

டீச்சர்:
போட்டுவிட்டேன். பலருக்கு இது மூன்று நான்கு மாதத்தில் தானே வடியும் என்பதையும் சேர்த்தேன், இல்லையென்றால் அழுதுகொண்டே முகாமுக்கு வருவார்கள். பெயர் 'விழித்திரை நீர்க்கசிவு'. நான்கு பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் பேசவில்லை. அச்சுக்குப் போய்விட்டது.

தமிழாசிரியர்:
ஊநீரை விட்டுக்கொடுத்தேன். ஆனால் 'அடி'யை எடுத்தது தப்பு. விழித்திரையே கசிகிறது என்றல்லவா ஆகிறது? கசிவது அதன் பின்னாலிருக்கும் படலம். இரண்டாம் பதிப்பு வந்தால் சொல்லுங்கள்.